உப்புள்ளது

குலசேகரம் சந்தைமுக்கில்
குளிர்பெட்டிக் கதவைத் திறந்துபிடித்து நிற்கிறேன்.
"கறண்டு போவுது அக்கா,
எடுங்க, இல்லேண்ணா அடைங்க" என்கிறான் அஜின்.
எடுக்கத்தான் வந்தேன்.
எதை என்பதுதான் பாக்கி.

உப்புள்ளது ஒன்று, உப்பில்லாதது ஒன்று.
அரைவிலைக்கு ஒரு மஞ்சள் டப்பா,
அதில் மாட்டின் படம் இல்லை,
சூரியகாந்தி சிரிக்கிறது.
கீழ்த்தட்டில், பெயரில்லாப் பாலித்தீன் கூட்டில்
பொன்மனையில் யாரோ ஒருத்தி கடைந்து தரும் வெள்ளை வெண்ணெய்,
தண்ணீரில் நான்கு உருண்டை.

எனக்கு உப்புள்ளதுதான்.
மஸ்கட்டில் ஒரு வீட்டில்
பிள்ளைக்கு ரொட்டியில் தேய்த்துக் கொடுத்துவிட்டு
கத்தியில் மிச்சமிருந்ததை நக்கினேன், இருபத்திரண்டு வயது.
யாரும் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் அரபியில் திட்டியிருப்பார்கள்,
அப்போது எனக்கு அரபி தெரியாது.

வீட்டுக்காரருக்கு வெள்ளை.
"மஞ்சளக் கண்டா சாயம்ணு தோணுது" என்பார் ஜஸ்டஸ்,
காரச்சேவை அள்ளி வாயில் போட்டபடி.
மகள் பெனிலாவுக்கு உப்பில்லாதது.
"கேக்குக்கு உப்பு நாமதான் போடணும்மா,
அளவு நம்ம கையில இருக்கணும்."
அளவு யார் கையில் இருக்கிறது என்று
பில் போடும் இடத்தில் அவள் நின்றதில்லை.

விலைத்தாள் கொஞ்சம் தடித்திருந்தது.
நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன்.
அறுபத்தாறின் அடியில் அறுபத்திரண்டு,
அதன் அடியில் ஐம்பத்தெட்டு.
பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால்
காலையில் நீளமாய் உரிந்து வருமே,
அப்படி வந்தது.
நூறு கிராம்தான். சோப்புக்கட்டி அளவு.

எங்களுக்கும் பால் உண்டு.
நூற்று நாற்பது மரம்.
அவர் வெட்டுவார், நான் எடுப்பேன்.
சிரட்டை சிரட்டையாய் வாளியில் கவிழ்த்து,
தட்டில் ஊற்றி ஆசிட் விட்டு உறையவைத்து,
உருளையில் இழுத்துப் புகைப்புரையில் தொங்கவிட்டால்
மூன்றாம் நாள் அதுவும் இந்த நிறத்துக்கு வரும்.
தின்னத்தான் முடியாது.

போன வாரம் கடையாலு வியாபாரி
ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப்பிடித்து
"குமிழ் கெடக்கு, நாலாந்தரம்" என்றார்.
கிலோ நூற்றெண்பது.
கணக்குப் பார்த்தால்
மூன்றரைக் கிலோ ஷீட்டுக்கும் மேலே கொடுத்தால்
ஒரு கிலோ வெண்ணெய்.
அதுவும் மழை விட்டால்.
இந்த ஐப்பசியில் பதினோரு நாள் வெட்டில்லை.

வெண்ணெய்க் கட்டியை நானும்
குளிர்பெட்டி விளக்குக்கு நேரே தூக்கிப்பிடித்தேன்.
காகிதம் சுற்றியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.
இவர்களிடம் குமிழைச் சொல்லி
யார் விலை குறைப்பது?

வெள்ளையை வாங்கி
வீட்டில் உப்புக் கலந்தால் என்ன என்று கேட்கலாம்.
கலந்திருக்கிறேன்.
பல்லில் மணல்போல் நறநறத்தது.

எனவே உப்புள்ளது நூறு கிராம்.
பெனிலாவுக்குச் சூரியகாந்தி,
கேக்குக்குள் போனபின் யாருக்குத் தெரியும்.
அவருக்கு ஒன்றுமில்லை.
கேட்டால் பொன்மனைக்காரியின் மாடு
வற்றிவிட்டது என்று சொல்லலாம்.
சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார் மாட்டை.

ஃபிரிட்ஜில் நெத்திலிக் கறிச்சட்டிக்குப் பின்னால் ஒளித்தேன்.
மூன்றாம் நாள் மழை வெறித்தது.
நாலு மணிக்கு அவர் முன்னால் போய்விட்டார்.
நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு
நானும் கிளம்புமுன் சட்டியை நகர்த்தினேன்,
கத்தி நுனியளவு, ஒரு துணுக்கு.

காகிதம் என் மடிப்பில் இல்லை.
விரித்தேன்.
நான் எப்போதும் நேராகத்தான் வெட்டுவேன்.
இதில் இடது மேலிருந்து வலது கீழாக
மெலிதாய், ஒரே சாய்வாய்,
பட்டை சீவியதுபோல் ஒரு வெட்டு.
மரத்துக்கு வலிக்காமல்
அப்படிச் சீவுகிற கை
எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு.

லேசாய் நெத்திலி மணத்தது.
அதையும் பொறுத்துத் தின்றிருக்கிறார்.

தோட்டத்தில் அவர் விளக்கு
மரம் மரமாய் நின்று நகர்ந்தது.
வாளியோடு பின்னால் போனேன். கேட்கவில்லை.
நூறு கிராம் இனிக் காணாது.
அஜினிடம் இன்னொன்று வாங்க வேண்டும்,
அறுபத்தாறின்மேல்
அடுத்த தாளை அவன் ஒட்டுவதற்குள்.